இல்லாத பரீட்சைக்கு ஒரு வேண்டுதல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்தைக் கேட்கத்தான் தயக்கமாக இருக்கிறது, எதைக் கேட்டாலும் நல்லாத்தான் இருக்கேம்மா என்பாய், இனி அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

உன் அறைத்தோழி லீவுக்கு வந்தவள், அப்பாவுக்கு நீ கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரோடு வீட்டுக்கு வந்தாள். நீ கெமிஸ்ட்ரி பரீட்சை எப்படி எழுதினாய் என்று அவளிடம் கேட்டேன். "கெமிஸ்ட்ரியா? பிசிக்ஸ் படிக்கிறவளுக்கு அது எதுக்குன்னு முதல் மாசமே விட்டுட்டாளே ஆன்ட்டி" என்று சிரித்தாள். உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தால் மனுஷர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஆக அவருக்கும் தெரியும். பிறகு கேட்டதற்கு, "உன்கிட்ட சொல்லாதீங்கன்னு அவதான் சொன்னா, நான் என்ன பண்றது" என்கிறார். ஸ்வெட்டர் எதற்கு என்று இப்போதல்லவா புரிகிறது!

நீ அதை விட்டதுகூடப் பெரிதில்லை. உன்னோடு பேச வேண்டுமே என்று உன் பழைய பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அடுப்படி வேலை முடிந்த கையோடு நானாகத் தட்டுத்தடுமாறிப் படித்தேன். கெட்டிலில் படிந்த வெள்ளையை வினிகர் எப்படிக் கரைக்கிறது என்று போனில் சொன்னபோது, "ஆமாம்மா, இன்னிக்கு எங்களுக்கும் அதே பாடம்தான்" என்றாயே, அன்றைக்கு முழுதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பொய்யைத்தான் விழுங்க முடியவில்லை. வெள்ளை படிந்தால் தண்ணீர் சூடாக ஏன் நேரமாகிறது என்பது உன் பிசிக்ஸ், அது எதில் கரையும் என்பது கெமிஸ்ட்ரி, ஒன்று மட்டும் தெரிந்தால் கெட்டிலை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்று எனக்கே தோன்றுகிறது, உனக்குத் தோன்றாதா? பிடிக்கவில்லை என்றால் சொல்லியிருக்கலாம், இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு விட்டிருப்பேன். பரீட்சை என்று நீ சொன்ன நாளில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வேண்டிக்கொண்டேன். வீட்டுச் செலவில் உப்பு வாங்கியதைக்கூட விடாமல் எழுதுகிறவளை, ஆண்டவனிடம் பொய்க்கணக்குக் காட்ட வைத்துவிட்டாய்.

அடுத்த பருவத்தில் மறுபடி எடுக்கலாமாம், தோழி சொன்னாள். எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம், ஆனால் எதுவானாலும் நீயே என்னிடம் சொல், அப்பா வழியாக வேண்டாம். அந்த வேண்டுதலை நான் திரும்பக் கேட்கவில்லை, உன் பேரில் நிலுவையாக வைக்கும்படி ஆண்டவனிடம் சொல்லியிருக்கிறேன்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, என் ஆசி எப்போதும் உண்டு. வேளைக்குச் சாப்பிடு. உன் ஹாஸ்டல் கெட்டிலிலும் வெள்ளை படிந்திருக்கும், என்ன செய்ய வேண்டும் என்று இந்த முறை நான் சொல்லப் போவதில்லை.

இப்படிக்கு,
அம்மா