அலாஸ்காவுக்கு ஒரு பெயர்

அன்புள்ள உனக்கு,

அலாஸ்கா அலுவலகத்துக்கு ஒரு மூத்த அதிகாரியை அனுப்புவது இன்று உறுதியானது. புதிய இயக்குநரின் உதவியாளன் ஹோலிஸ் நேரில் வந்து சொன்னான்.

தலைமை மாறி நான்கு மாதம்வரை யாரையும் கட்டாயமாக இடம் மாற்றக் கூடாது. அந்தச் சட்டப் பாதுகாப்பு வியாழனோடு தீர்கிறது. உத்தரவைத் தயாரிக்க வேண்டியவள் நான். அவர்கள் குறித்து வைத்திருந்த பெயர், என்னைப் போலவே மூத்த அதிகாரியான டெல்பர்ட். அவன் மனைவிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் என்று உனக்குத் தெரியும். போக மறுத்தால் வேலையும் அதோடு வரும் மருத்துவக் காப்பீடும் போய்விடும்.

"வேற யாரு இருக்கா, மேடம்? நீங்களே சொல்லுங்க," என்றான் ஹோலிஸ்.

"நான் இருக்கேன்."

"அங்க குளிர் எலும்பை உடைக்கும்."

"புது இயக்குநர் வந்த நாலு மாசமா இந்த மாடியில இருந்தாச்சு. குளிர் பழகிடுச்சு."

அவன் சிரித்தான். பிறகு விஷயம் தெரிந்து என் அறைக்கு வந்த டெல்பர்ட் சிரிக்கவில்லை. "பைத்தியமா உனக்கு? வசந்தத்துல ஓய்வு வாங்கிட்டு ஓரிகானுக்குப் போறேன்னு ஊரெல்லாம் சொன்னியே! உன் புருஷன்கிட்ட கேட்டியா?" என்று கத்தினான். காபி ஆறுகிறது என்றேன்.

அலாஸ்காவில் பணிக்காலம் இரண்டு ஆண்டு. ஓரிகானில் நமது புது வீட்டில் எனக்கென்று நீ செய்துவைத்த துணி அலமாரியின் படம் என் மேசையில்தான் இருக்கிறது.

என் பெயர் போட்ட உத்தரவில் இயக்குநர் வெள்ளி மதியம் கையெழுத்திடுவார். அந்த அலமாரியைக் கழற்றி அலாஸ்காவுக்குக் கொண்டுவர உன்னால் முடியுமா என்பது மட்டும் தெரியவில்லை. ஞாயிறன்று நீ வழக்கம்போல் தொலைபேசியில் கூப்பிட்டால் தெரியும்.

உன் மனைவி