குவிமாடம் வைக்காத பள்ளிவாசல்

அக்கா,

இன்று காலை தஞ்சோங் மாலிமில், புதிதாகப் பூசிய சுவர் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். சாரல் பட்டு ஈரச் சிமெண்ட் வாடை எழுந்தது. உங்கள் நினைவு வந்தது. அழுகை வரவில்லை. மேஸ்திரியிடம் விரிசல்களைக் காட்டிவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்துகொண்டேன்.

கோலா கங்சார் பக்கம், ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய குடியிருப்புக்கு ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்று நம் ஈப்போ அலுவலகத்துக்கு வந்தார்கள். நாம் இருவரும் சேர்ந்து கட்டட வரைபடம் போடத் தொடங்கிய பிறகு வந்த முதல் பள்ளிவாசல் வேலை அது. உங்கள் வரைபடத்தில் குவிமாடம் இல்லை. தாழ்ந்த பலகைக் கூரை, மூன்று பக்கமும் நட்சத்திரம் நட்சத்திரமாகத் துளைவிட்ட செங்கல் சுவர். கட்டடக் குழுத் தலைவரான சாப்பாட்டுக் கடைக்காரருக்கு முகம் மாறிவிட்டது.

"கூபா இல்லாம பள்ளின்னு எப்படிலா தெரியும்? முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆளப் பாக்குறோம்."

நீங்கள் வாதாடவில்லை. "அண்ணே, இமாமையும் கூட்டிக்கிட்டு அந்தப் பழைய கொட்டகைக்கு ஒரு தடவ வாங்க. அப்புறம் நீங்க சொல்றபடி செய்யலாம்" என்றீர்கள்.

தோட்டம் இருந்த காலத்தில் ரப்பர் தாள் உலர்த்திய கொட்டகை அது. காற்றுக்காகத் துளைவிட்ட சுவர், பலகைக் கூரை. மலாய்க்காரரான இமாம் சுவரைப் பார்த்து நின்று ஓதினார். குவிமாடத்துக்கு அடியில் ஆவதுபோல் குரல் தலைக்கு மேல் சுழன்று குழம்பவில்லை. அரபு தெரியாத எனக்கே, எங்கே நீட்டுகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்று தெரிந்தது. முடித்ததும், இப்படி ஓரிடத்தில் ஓதத்தான் தனக்கு ஆசை என்று தலைவரிடம் மலாயில் சொன்னார். தலைவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, கட்டுங்க."

வெளியே வரும்போது நீங்கள் சொன்னீர்கள்: "பின்னால உக்கார்ற பொம்பளைங்களுக்கும் இதே மாதிரி கேக்கணும். எங்க உம்மாவுக்கு எங்க போனாலும் ஸ்பீக்கர் இரைச்சல் மட்டுந்தான் கேக்குது."

கூரை போடுவதற்கு முன் நீங்கள் போய்விட்டீர்கள். லூமுட் சாலை, மழை, ஒரு லாரி. மீதி வேலையை உங்கள் வரைபடத்தின்படியே முடித்தேன். பாராட்டினார்கள். நன்றி சொன்னேன்.

முதல் தொழுகையன்று உங்கள் உம்மா என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். தலையில் துணி போட்டுக்கொண்டு, பெண்கள் பக்கம் பின்சுவரோரம் உட்கார்ந்தேன். இமாம் ஓதியது ஓர் எழுத்து விடாமல் கேட்டது. எனக்குள் ஒன்றும் அசையவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு உம்மா கேட்டார்.

"அவ இங்கன நின்னு எவ்வளவு பேசியிருப்பா. அந்தச் சத்தம் கொஞ்சமாச்சும் இருக்குமாம்மா?"

"இருக்காது உம்மா. ஒரு நொடி, ரெண்டு நொடி. அவ்வளவுதான்."

தலையாட்டினார். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் உம்மா போன் செய்கிறார். உங்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. என்ன சமைத்தாய் என்று கேட்பார். ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல்ல வாய் வருவதில்லை. அதனால் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.