மேட்டில் நின்றுபோகும் வண்டி

கல்வராயன்மலை
புதன்கிழமை

அன்புள்ள மகன் தீனதயாளனுக்கு,

அம்மா எழுதுவது. அந்த வெயில் ஊரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நோவு நொடி இல்லாமல் இருக்க ரிஷிவந்தியம் சாமியைக் கும்பிடுகிறேன். நாங்களும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நான் வாய் திறக்க ஏது வழி. நம்ம தெரு ரம்யாவின் வீட்டுக்காரர் லீவு முடிந்து மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார், எள்ளுருண்டையோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போன மாச மழையில் திருநாவலூரில் உன் தங்கை வீட்டு மக்காச்சோளம் மொத்தமும் படுத்துவிட்டதாம். தேவிப்ரியா குரலே சரியில்லை, ஒரு போன் போட்டுப் பேசு.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் வேலை பார்க்கிற ரிசார்ட்டில் கீழே கேட்டிலிருந்து மேலே ரூம் வரைக்கும் ஆட்களை ஏற்றிப்போக அப்பா ஓட்டுகிற பேட்டரி கார் மேட்டில் இழுக்கவில்லை என்று அவர் உன்னிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறார் அல்லவா. நீ அங்கே கோல்ப் மைதானத்தில் நாள் பூராவும் அதே மாதிரி வண்டிகளை ரிப்பேர் பார்த்துவிட்டு வந்த அலுப்போடு ஒவ்வொன்றாகச் சொன்னாய். பேட்டரியில் தண்ணீர் இருக்கா பாருங்க என்றாய், பார்த்து ஊற்றினார். முனையில் பச்சை பூத்திருந்தால் கரண்ட் போகாது என்றாய், சோடா உப்புப் போட்டு வெந்நீரில் நான்தான் தேய்த்தேன். டயரில் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா, எல்லாம் பார்த்தாயிற்று. சாயங்காலத்தில்தான் நிற்கிறது என்றதும் சார்ஜ் இறங்கியிருக்கும், மத்தியானம் ஒரு தடவை போடுங்க என்றாய், அதையும் செய்தோம். கடைசியில் அங்கிருந்து ஒரு ஸ்விட்ச் வாங்கி அனுப்பினாய். மாட்டிட்டேன், அப்பவும் நிக்கிதுடா என்று உன்னிடம் சொன்னாரே, அது பெட்டி பிரிக்காமல் அவர் சட்டைகளுக்கு அடியில் இருந்தது. துணி மடித்து வைக்கும்போது கையில் தட்டுப்பட்டது.

அப்புறம்தான் யோசித்தேன். மூட்டமாக இருந்த நாளெல்லாம் அதே வண்டி, அதே பாரத்தோடு நிற்காமல் ஏறியிருக்கிறது. தோட்டம் பார்க்கிற தமிழழகன் ஒருநாள் நல்ல வெயில் சாயங்காலத்தில் ஓட்டினான், விறுவிறுவென்று மேலே போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் சமையலுக்குக் காய்கறி ஏற்றிவரும் சாக்கில் நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவு தாண்டி மேடு ஏறும்போது சூரியன் நேராக மூஞ்சியில் அடித்தது. அவர் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார் தீனா. பிரேக்கை மிதித்துக்கொண்டு, சனியன் இழுக்குதா பாரு என்று வண்டியைத் திட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். இன்னாடி, வேவு பாக்கறியா என்று எகிறினார். அப்புறம் சோத்துத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, வெளிச்சம் பட்டா வெள்ள வேட்டி போத்தினாப்ல ஆயிடுது, ரோடு எது பள்ளம் எதுன்னு தெரியல, பின்னால புள்ளகுட்டிங்க உக்காந்துகினு இருக்குதுங்க, நான் எப்பிடி ஓட்டுவேன் என்றார். கரும்பு டிராக்டரை லைட் இல்லாமல் இருட்டில் ஓட்டின மனுஷன். எனக்கு அழுகையாக வந்தது. கண்ணாடி மாற்றலாம் என்று சொல்லி கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப்போனேன். சக்கரை கண்ணுக்குள் இறங்கிவிட்டது, போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்றவாவது சீக்கிரம் பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று டாக்டரம்மா சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் உங்க அப்பா, வண்டி சரியாவட்டும், அப்புறமா பாத்துக்கலாம் என்கிறார். தான் சொன்ன பொய்யைத் தானே நம்ப ஆரம்பித்துவிட்டார்.

கோபம் கோபமாக வருகிறது. ஆனாலும் ஒன்று சொல்லணும். நீ வெளிநாடு போனதிலிருந்து உங்க ரெண்டு பேருக்கும் சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அவ்வளவுதான் பேச்சு. இந்த வண்டிப் பேச்சு வந்த பிறகுதான் வெள்ளிக்கிழமையானால் சவரம் பண்ணிக்கொண்டு போன் எதிரே உட்கார்கிறார். எம் புள்ள எம்மாந் தெளிவா சொல்றான் பாத்தியா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். கண் விஷயம் தெரிந்தால் வண்டியும் போய்விடும், நீயும் பரிதாபப்பட்டு ரெண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வாய் என்று பயப்படுகிறார். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார், மீறித்தான் எழுதுகிறேன். நாளைக்கு ஒரு குடும்பத்தோடு பள்ளத்தில் இறங்கினால் என் சத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

அதனால் இந்த வெள்ளிக்கிழமை நீ கண்ணைப் பற்றி மூச்சு விடாதே. எப்போதும் போல வண்டியை விசாரி. எல்லாம் கேட்டுவிட்டு, மோட்டார் போயிடுச்சுப்பா, இனிமே ஆள் ஏத்தினா ஆபத்து, நான் லீவுல வந்து பாக்கற வரைக்கும் தொடாதீங்க என்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. இங்கே பொறுப்பு பார்க்கிற நிர்மலாவிடம் பேசிவிட்டேன். தார்ப்பாய் போட்டு மூடிடறேங்க்கா, அண்ணன் கேட்டுல உக்காரட்டும் என்று சொல்லியிருக்கிறாள். வண்டி நின்றால்தான் அவர் ஆஸ்பத்திரிக்கு வருவார். நீ சொன்னால் கேட்பார். வண்டி பேரில் சொல்லு, அவர் பேரில் சொல்லாதே.

ஒரு குறையும் இல்லாமல் சாமி உன்னைக் காப்பாற்றட்டும். தண்ணீர் நிறையக் குடி. சக்கரை நம்ம வம்சத்தில் இருக்கிறது, நீயும் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்கொள், மறக்காதே. இனிமேல் பார்ட் எதுவும் வாங்கி அனுப்பாதே தீனா, அந்த வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.

இப்படிக்கு
உன் அம்மா
அமிர்தம்