ஈயம் போன பித்தளையில் ஊற்றிய காடி

மச்சான்,

சாப்பாடு முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். நான்கு தடவை சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டேன், விரலில் வினிகர்க் காடி நெடி போகமாட்டேன் என்கிறது. நீங்கள் இறந்து இன்று நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. நெய்ச்சோற்றுக்கு வெள்ளரிக்காய் அச்சார் வேண்டும், அதையும் நான்தான் போட வேண்டும் என்று லாத்தா சொல்லிவிட்டாள். உங்களைக் கட்டிக்கொண்டவள் என் கூடப்பிறந்த அக்கா. மாட்டேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

உங்கள் அச்சாருக்கு வெயில் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், நாள்கணக்கில் ஊறவும் வேண்டாம். பிஞ்சு வெள்ளரியை நீளவாக்கில் வகிர்ந்து, விதையை வழித்து, உப்புப் போட்டுப் பிசறி வைப்பீர்கள். தண்ணீர் விட்டதும் துணியில் கட்டி ஒரே முறுக்கு. பிறகு காடி, சீனி, கீறிய பச்சைமிளகாய், இஞ்சி, சின்ன வெங்காயம். அரை மணியில் தயார், அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் முரடு. “காடி பட்டா சீனச் சாடிதான் மாப்ளே. பித்தளைப் பக்கம் போனே, கையை ஒடிச்சுப்புடுவேன்” என்பீர்கள்.

நாம் சமைக்கப் போன அந்தச் சிராங்கூன் ரோட்டுக் கல்யாணத்தில் நான் பித்தளைப் பக்கம் போனேன். பதினோரு வருடமாகிறது. நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்திறங்கிய மாப்பிள்ளை வீட்டார், சொன்ன கணக்கைவிட அதிகமாக வந்துவிட்டார்கள். இருந்த இரண்டு சாடியும் நிறைந்துபோனது. இன்னும் சாடி இரவல் வாங்கி வர நீங்கள் ரிக்‌ஷா ஏறித் தேக்கா மார்க்கெட்டுக்குப் போனீர்கள். போகும்போதே, “வெட்டி உப்புல போட்டு வை, நான் வந்துதான் காடி” என்று இரண்டு தடவை சொன்னீர்கள். நான் என்ன பச்சைப் பிள்ளையா? முப்பது வயதுத் தடியன்.

ஆனால் நேரம் போய்க்கொண்டே இருந்தது. ரோட்டில் மாட்டுவண்டிகள் அடைத்துக்கொண்டதோ என்னவோ, உங்களைக் காணோம். முன்வாசலில் பாய் விரித்துவிட்டார்கள். பித்தளை அண்டா ஒன்று சும்மா கிடந்தது. உள்ளே பூசிய ஈயம் தேய்ந்து பித்தளை மஞ்சள் பல்லைக் காட்டியதை இந்தக் கண்ணால் பார்த்தேன், மச்சான். கொஞ்ச நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று காடியை ஊற்றினேன்.

நீங்கள் சாடியோடு வந்தபோது பந்தி உட்கார்ந்தாகிவிட்டது. அண்டாவைப் பார்த்தீர்கள். விரலால் உள்விளிம்பை வழித்தீர்கள். விரல் பச்சையாக வந்தது. பித்தளைக் களிம்பு, விஷம்.

“இதுலேருந்து வெளிய போயிருக்கா?”

“போயிருச்சு மச்சான். முதல் பந்திக்கு.”

நீங்கள் ஓடினீர்கள். ஐந்து ஐந்து பேராக ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து, எல்லாரும் பிஸ்மி சொல்லிக் கைவைக்கும் நேரம். “யாரும் அச்சாரைத் தொடாதீங்க!” என்று நீங்கள் போட்ட சத்தத்தில் பந்தியே உறைந்துபோனது. கல்யாண வீட்டில் அப்படியொரு சத்தத்தை யார் கேட்டிருப்பார்கள்! மாப்பிள்ளையின் வாப்பா எடுத்த கவளம் வாய்க்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. நீங்கள் அவர் கையைப் பிடித்துக் கவளத்தைத் தட்டிவிட்டீர்கள். சஹன் சஹனாகக் குனிந்து அச்சார்த் தட்டுகளைப் பொறுக்கினீர்கள். ஒருவர் ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தார். அவர் கொல்லையில் போய் வாந்தியெடுத்து, மோர் குடித்து, முகம் தெளியும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

பெண்ணின் வாப்பா முகம் சிவந்து வந்தார். “பித்தளையில காடி ஊத்துனது யாரு?”

நான் கரண்டியோடு நின்றேன்.

“நான்தாங்க. அவசரத்துல புத்தி கெட்டுப்போச்சு” என்றீர்கள்.

“சம்பந்தக்காரங்க முன்னால என் மானத்தை வாங்கிட்டே. இனிமே நம்ம ஆளுங்க வீட்டு அடுப்புப் பக்கம் உன்னைப் பார்க்கக் கூடாது.” பிறகு என்னைப் பார்த்து, “நீ பாரு தம்பி, மிச்சப் பந்தியை” என்றார். நான் பார்த்தேன், மச்சான். வெட்கமில்லாமல் பார்த்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது, ஏன் மச்சான் என்று கேட்டேன். “உனக்கு இப்பத்தான் பொண்ணு பேசிக்கிட்டிருக்காங்க. எனக்குத்தான் ஆயிருச்சே, இனிமே உங்க லாத்தா எங்க போயிரப் போறா?” என்று சிரித்தீர்கள். எனக்கு அந்தப் பெண்ணே அமைந்தாள். கல்யாணச் சமையலும் என் கைக்கு வந்தது. நீங்கள் என் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்தீர்கள். ஒரே ஒரு தடவை, “மச்சான், அன்னைக்கு...” என்று ஆரம்பித்தேன். “வெள்ளரிக்காயைப் பாரு, தண்ணி விட்டிருச்சு” என்று வாயை அடைத்துவிட்டீர்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த அற்ப நிம்மதியை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

லாத்தாவிடம்கூட நீங்கள் சொல்லவில்லை. அவள் கோபம் வரும்போதெல்லாம் உங்களை அந்த அண்டாவை வைத்தே இடித்தாள். “ஊரு சிரிக்க வச்ச மனுசன்” என்பாள். நீங்கள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுவீர்கள். நான் அங்கேயே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன்.

இன்று காலை நான் சாடியில் காடி ஊற்றும்போது அவள் பக்கத்தில் வந்து நின்றாள். “பார்த்து ஊத்து தம்பி. உங்க மச்சான் மாதிரி ஆயிராதே” என்றாள். போத்தலைக் கீழே வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். தேய்ந்த ஈயத்தைப் பார்த்ததைச் சொன்னேன், வாய் திறக்காமல் நின்றதைச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், மச்சான். அடித்திருக்கலாம்.

அவள் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

“சாகுறதுக்கு முந்தின நாள்கூட அதைச் சொல்லித்தான்டா திட்டினேன். கேட்டுக்கிட்டே கிடந்தாரே. இனிமே யாருகிட்டடா நான் மாப்புக் கேப்பேன்?”