கைப்பிடிக்கு இடப்பக்கம் உரிந்த தவா

பாய்,

போன செவ்வாய்க்கிழமை மாடம்பாக்கத்திலிருந்து ஒரு டீச்சர் நான்ஸ்டிக் தவாவோடு வந்தார். நாம் புதுக் கோட்டிங் போட்டுக் கொடுத்ததுதான். "வாங்கிட்டுப் போய் ஒரு வருஷம்கூட ஆகல சார். மரக்கரண்டிதான் போடுறேன், கம்பி நாரே வைக்கிறதில்ல. இந்த ஒரு எடம் மட்டும் எப்படி உரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மற்ற இடமெல்லாம் வழுவழுவென்று புதிதாகவே இருந்தது. கைப்பிடிக்கு இடப்பக்கம், விளிம்பை ஒட்டி, ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் அலுமினியம் தெரிந்தது.

அங்கே வெறுங்கை பட்டிருக்கிறது என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது.

நம் சேலையூர் ஷெட்டில் பழைய கோட்டிங்கை மணலடித்து எடுத்து, உலோகத்தைச் சொரசொரப்பாக்கித் தருவது நீங்கள். கோட்டிங்கை ஸ்ப்ரே செய்து ஓவனில் வைப்பது நான். நடுவில் அந்தச் சொரசொரப்பை யாரும் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை அடியில் தங்கிவிட்டால் மேலே போடுவது பிடிக்காது. புதிதில் ஒன்றும் தெரியாது, அடுப்புச் சூடு ஏறி ஏறித்தான் அந்த இடம் கிளம்பும். மூக்கைச் சொறிந்த கையோடு நான் பக்கத்தில் வந்தாலே போதும், "யோவ், கைய எடு! தோச சுடுற எடம்யா இது, கைரேகை பாக்குற எடமா?" என்று வாசலில் நிற்கும் கஸ்டமர் சிரிக்கிற அளவுக்குக் கத்துவீர்கள். எனக்கு மானம் போகும்.

டீச்சரை உட்காரச் சொல்லிவிட்டு, தவாவை உள்ளே கொண்டுபோய், கைப்பிடி என் பக்கம் இருக்க விளிம்பைப் பிடித்துப் பார்த்தேன். வலக்கைக்குப் பொருந்தவில்லை. இடக்கையால் பிடித்தால் கட்டைவிரல் நேராக அங்கே போய் உட்கார்ந்தது. ஷெட்டில் இடக்கைக்காரர் நீங்கள் ஒருவர்தான் பாய்.

உங்கள் கடைசி மாதங்களில் தவா அடிக்கடி கை நழுவியது. "கிளவுஸ் லூசா கீதுய்யா" என்றீர்கள். நானும் தாம்பரம் மார்க்கெட்டில் தேடிச் சின்ன சைஸ் வாங்கி வந்து, சின்னப் பிள்ளைக் கை என்று கிண்டல் வேறு செய்தேன். சுகரில் விரல்கள் மரத்துப்போனதை நீங்கள் வாயைத் திறந்து சொல்லவில்லை. பிடிமானம் கிடைக்காமல், நான் பார்க்காத நேரத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு வேலை செய்திருக்கிறீர்கள். கோபம் கோபமாக வந்தது. கடை ஓடுவதே உரியாது என்ற பேச்சில்தானே? இப்படி நாலு தவா திரும்பி வந்தால் கேம்ப் ரோடு முழுக்கப் பேர் கெட்டுவிடாதா? சொன்னால் வீட்டில் உட்கார வைத்துவிடுவேன் என்று பயந்தீர்கள்போல. பயந்ததும் சரிதான், உட்கார வைத்திருப்பேன்.

"தப்பு எங்க மேலதான் மேடம், புதுசா போட்டுத் தரேன்" என்றேன் டீச்சரிடம்.

"அந்த பாய் எங்க? அவர்தான் கோட்டிங் அசையவே அசையாதுன்னு சொல்லிக் கொடுத்தார்."

"நோன்புக்கு முன்னால எறந்துட்டாருங்க."

அது யார் விரல் என்று நான் சொல்லவில்லை.

இப்போது மணலடிப்பதும் நான்தான். பெட்டிக்குள் தவாவை வைத்தேன். அடித்துவிட்டால் அந்த இடம் போய்விடும். டீச்சர் வெளியே காத்திருந்தார், அடித்துவிட்டேன்.

நேற்று அஸ்தினாபுரத்திலிருந்து இன்னொன்று வந்தது. அதே இடத்தில்தான் உரிந்திருந்தது. அந்த மாதங்களில் நீங்கள் தொட்டவை இன்னும் எத்தனை வீட்டு அடுப்பில் இருக்கின்றனவோ தெரியவில்லை. வியாபாரம் என்று பார்த்தால் ஒன்றுகூடத் திரும்பி வரக் கூடாது. ஆனாலும் யாராவது தவாவோடு வாசல் ஏறினால், கைப்பிடிக்கு இடப்பக்கம்தான் முதலில் பார்க்கிறேன். வரட்டும், வருகிற எல்லாவற்றையும் சரி செய்து கொடுத்துவிடுகிறேன். ஒரேயடியாக வந்து தீர்ந்து மட்டும் போய்விட வேண்டாம் பாய்.