வலது இன்ஜினை நிறுத்தியவனுக்கு

"வாத்தியாரே, வலது இன்ஜின் அவுட் ஆஃப் சிலபஸாமே, நெசமா?"

ஒரு மாலை, ரிச்சர்ட்ஸ் டவுனில் என் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டே நீ இப்படிக் கேட்டாய். தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய், ஆனால் நான் கொடுத்த காபியைக் குடிக்காமலே ஆறவிட்டாய்.

நேற்று அந்தக் கேள்வி கேக் வாசனையோடு திரும்பி வந்தது. நீ வேலை பார்த்த விமானப் பயிற்சிப் பள்ளியில் புதிய அரங்கம் ஒன்றுக்கு உன் பெயரை வைத்திருக்கிறார்கள். பழைய நண்பன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். உன் படத்துக்கு ரோஜா மாலை. அதன் கீழே மேசையில், நீ ஓட்டிய இரட்டை இன்ஜின் விமானத்தின் வடிவத்தில் நீலமும் வெள்ளையுமாக ஒரு கிரீம் கேக். செத்தவன் படத்துக்கு முன்னால் யாராவது கேக் வெட்டுவார்களா? இவர்கள் வெட்டினார்கள்.

"லெஃப்ட் இன்ஜினை ஃபர்ஸ்ட் வெட்டுங்க சார், அதான் நம்ம கேப்டன் ஸ்டைல்!" என்று நிர்வாகி மைக்கில் சொன்னார். கூட்டம் சிரித்தது. அந்த இடது இன்ஜினை ஒரு காகிதத் தட்டில் வைத்து என் கையில் கொடுத்தார்கள். விரலில் கிரீம் ஒட்ட, தட்டை அப்படியே மேசையில் திருப்பி வைத்தேன்.

உன் ஸ்டைல் என்னவென்று எனக்குத் தெரியும். நீ சொல்லிச் சொல்லி, விமானத்தில் ஏறாமலே பாதிப் பாடம் படித்தவன் நான். பறந்துகொண்டிருக்கும்போதே ஓர் இன்ஜினின் வேகத்தைக் குறைத்துவிடுவாய். எதைக் குறைத்தாய் என்று மாணவன் பார்த்துவிடாதபடி, மடித்த வரைபடம் ஒன்றால் நெம்புகோல்களை மறைத்துக்கொள்வாய். அவன் காலால் கண்டுபிடிக்க வேண்டும். இதை என் மாணவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: சர்ச்சில் ஒரு நீளப் பெஞ்சை இரண்டு பேர் தள்ளும்போது ஒருவர் கையை எடுத்துவிட்டால், பெஞ்சு அவர் பக்கமாகத் திரும்பும். விமானமும் அப்படித்தான், நின்றுபோன இன்ஜின் பக்கம் திரும்பும். நேராகப் போக வேண்டுமானால் காலடியில் இருக்கும் இரண்டு பெடல்களில் எதிர்ப்பக்கத்தை அழுத்தி மிதிக்க வேண்டும். எந்தக் கால் வேலையில்லாமல் இருக்கிறதோ, அந்தப் பக்கத்து இன்ஜின்தான் நின்றுவிட்டது.

பள்ளியில் வழக்கம் வேறாக இருந்தது. உங்கள் விமானத்தில் இடது இன்ஜின் நின்றால்தான் சமாளிப்பது கஷ்டம். அதனால் தேர்வன்று அதைத்தான் நிறுத்துவார்கள். எப்போதும் அதையேதான். கொஞ்ச நாளில் அது மாணவர்களின் விடுதி வரைக்கும் தெரிந்துபோனது. இன்ஜின் சத்தம் குறைந்ததும் "லெஃப்ட்!" என்று கத்து, வலது காலை மிதி, பாஸ். வினாத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு நடத்துகிற பரீட்சை.

கிரண் என்ற மாணவனுக்கு நீ தேர்வு நடத்திய அன்று வலது இன்ஜினைக் குறைத்தாய். அவன் "லெஃப்ட்!" என்று கத்தி, வலது காலையே மிதித்தான். அதோடு விடாமல், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த இடது இன்ஜினைப் பழுது என்று நினைத்து அணைக்கக் கையையும் நீட்டினான். விமானம் வலது பக்கம் சாய்ந்து சரிந்தது. நல்ல உயரத்தில் வைத்துத்தான் நீ எப்போதும் இதைச் செய்வாய். அதனால் அவன் கையைத் தட்டிவிட்டு மீட்க உனக்கு நேரம் இருந்தது.

இறங்கியதும் நிர்வாகி உன்னைக் கூப்பிட்டார். "இத்தனை நாளா லெஃப்ட்தானே சார்? நடுவுல எதுக்கு ரைட்டு? பையன் கன்ஃப்யூஸ் ஆயிட்டான். இது அவுட் ஆஃப் சிலபஸ் இல்லையா?"

அதைக் கேட்டுவிட்டுத்தான் நேராக என் வீட்டுக்கு வந்திருந்தாய். "அவன ஃபெயில் போட்டுட்டேன் வாத்தியாரே. நம்பி ஏறுறவங்க இருக்காங்கல்ல?" என்றாய். அடுத்த மாதமே உனக்கு வயதாகிவிட்டது என்று கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கிரணுக்கு வேறொருவர் தேர்வு நடத்தினார். இடது இன்ஜினை நிறுத்தினார். அவன் பாஸ்.

நேற்று மைக்கைப் பிடித்த கிரண் இப்போது அங்கே பயிற்சியாளன். "லெஃப்ட்னா கண்ண மூடிட்டு ரைட் கால்! கேப்டன் சார் சொல்லிக் கொடுத்தது இதுதான்," என்றான். பிள்ளைகள் கைதட்டினார்கள். உன் வாயிலிருந்து வராத பாடத்தை உன் படத்துக்கு முன்னாலேயே நின்று உன் பெயரில் எழுதினான். நீ எதை எதிர்த்து வேலையை இழந்தாயோ, அதற்கே உன் பெயரைப் பலகையாக்கி மாட்டியிருக்கிறார்கள்.

என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் கிரணைப் பார்த்தேன். "தம்பி, வலது இன்ஜின் நின்னுடுச்சு. எந்தக் கால்?"

"லெஃப்ட் கால், சார்," என்றான். சரியான விடைதான். ஆனால் பளபளக்கும் அவன் வலது ஷூ தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அவனும் குனிந்து அதைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"சார் ஜோக் அடிக்கிறாரு!" என்று நிர்வாகி மைக்கை வாங்கிக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் அவரிடம் போனேன். தேர்வில் வலது இன்ஜினையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் அரங்கத்திலிருந்து என் நண்பன் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"போர்டு பிரிண்ட் ஆயிடுச்சே சார். பரவாயில்ல விடுங்க, கேக் சாப்பிடுங்க."

வாசலில் கிரண் பின்னாலேயே வந்தான். "சார், எனக்கும் தெரியுது. ஆனா பசங்க பாஸ் ஆகணும்ல?" என்றான். காலம் முழுக்கப் பிள்ளைகளோடு இருந்தவன் நான். எத்தனையோ மக்குகளைப் பொறுத்திருக்கிறேன், அவர்கள் மேல் எனக்குப் பிரியமும் உண்டு. தெரிந்தே இன்னொரு பிள்ளையின் காலைக் கெடுப்பவனைப் பொறுத்துக்கொள்ள எனக்கு வரவில்லை. கேட்டைத் தாண்டி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். கிரீம் போய்விட்டது. அருவருப்பு போகவில்லை, போக வேண்டாம் என்றுதான் இருக்கிறேன். வினாத்தாள் தெரிந்த பரீட்சை மேல் உனக்கிருந்த அதே அருவருப்பு; நீ எனக்கு விட்டுப்போனதில் உருப்படியானது அது ஒன்றுதான், வைத்துக்கொள்கிறேன். இந்த மடலை உனக்கு எழுதினாலும், உன்னால் படிக்க முடியாது என்பதால் படிக்க முடிந்தவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன்.

உங்கள் பிள்ளையை விமானப் பயிற்சிக்குச் சேர்க்கப் போனால், தேர்வன்று எந்த இன்ஜினை நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். 'இதைத்தான்' என்று பதில் உடனே வந்தால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.