பாதி ஹேண்ட்பிரேக்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் லாரி சேத்துல மாட்டிக்கிச்சு. பயப்படாதீங்க, எனக்கு ஒண்ணும் ஆகல. பின்சக்கரம் ரெண்டையும் ஒண்ணா சுத்த வைக்கிற லாக்கை எங்க கம்பெனி மெக்கானிக் போட்டுவிட்டார். நான் அதுக்கு மேல நீங்க சொல்லிக் குடுத்த வித்தையையும் காட்டி, ஆக்ஸிலேட்டரோட பிரேக்கையும் அழுத்தினேன். ரெண்டு சக்கரமும் சேர்ந்தே நின்னு, கிளட்ச் புகைஞ்சது.

"எவன்யா உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?"ன்னார். "யாரோ ஒரு டிரைவர்"னு சொல்லிட்டேன்.

நேத்து பழைய வேன் மாட்டிச்சு. அதுல லாக் கிடையாது. ஒரு சக்கரம் சும்மா சுத்துது, இன்னொண்ணு அசையவே இல்ல. ஹேண்ட்பிரேக்கைப் பாதி இழுத்து மெதுவா ஆக்ஸிலேட்டர் குடுத்தேன். சுத்தினது அடங்கி, நின்னதுக்கு இழுவை போய், வேன் மேல வந்துடுச்சு. மெக்கானிக் மறுபடியும் யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டார். "எங்கப்பா"ன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன்.

"அன்னைக்கு யாரோன்னியே, அது யாரு?"ன்னார். அவர் முகத்தைப் பார்க்க முடியல.

நீங்க உங்க வேன் பக்கத்துல நிக்கிற போட்டோ ஒண்ணு அனுப்புங்கப்பா. ரூம் சுவர் வெறுமையா இருக்கு. மெக்கானிக்கும் பக்கத்து ரூம்தான், வந்தா பார்ப்பார்.

வெளியே ஹாரன் அடிக்கிறாங்க, கிளம்பறேன். போட்டோ மேலயே உங்க பேரைக் கொஞ்சம் பெருசா எழுதி அனுப்புங்க.

உங்க பெரியவன்